சீம்பால்

அருமனைக்கு மேலே, ரப்பர் சரிவில்,
ஸ்டெல்லாபாயின் தொழுவத்துக்கும் பன்னிக்கூட்டுக்கும் நடுவே
ஒரே ஒரு தகரம்.
ஆணி அடித்த இடமெல்லாம்
மழை ஒழுகிய துருக்கோடு.

ஆனியில் பசுவுக்குக் காய்ச்சல், கழிச்சல்.
நாலாம் நாள் தீனி எடுத்தது.
அந்த வாரமே கன்று செத்து விழுந்தது.
மடி நிறையச் சீம்பால், குடிக்க வாயில்லை.
சொசைட்டியில் எடுக்க மாட்டார்கள்.
"தூரக் கொட்ட மனசு வரேல டாக்டரே.
தகரத்துக்கு அப்புறம் ஒருத்தி சனையாட்டு நிக்கா,
அவளுக்குக் குடுத்தேன்."
மஞ்சள் வாளியில், மடிச்சூடு ஆறுமுன்.

அப்போது சினைக்கு நாற்பது நாள்.
மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள் என்று
விரல் மடக்கி வைத்திருந்தாள்.
கணக்குத் தப்பாமல் ஈன்றது:
கருவாடாய்ச் சுருண்டவை நாலு,
ஒவ்வொன்றும் தான் நின்றுபோன வாரத்தின் நீளத்தில்.
முழுசாக வந்து மூச்சில்லாதவை இரண்டு.
ஏழாவது எழுந்து நின்று
காம்பு தேடிப் போனது.
தள்ளைக்குப் பால் இறங்கவில்லை.
பொடிப்பாலில் பிழைத்தது அது,
பிழைத்ததே தவிர
ஒரு மாதமாகியும் ஒரு கையில் அடங்கிற்று.

திருநெல்வேலிக்கு ஐஸ் பெட்டியில் போன ரத்தம்
காகிதமாகத் திரும்பி வந்தது.
தள்ளை: வைரஸ் இல்லை, எதிர்ப்பொருள் உண்டு.
குட்டி: எதிர்ப்பொருள் இல்லை, வைரஸ் உண்டு.
வைரஸ், பசுவினுடையது.

வண்டியை ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.
பன்னியின் நஞ்சுக்கொடி பெரிய கருமி.
தள்ளை சண்டைபோட்டுச் சம்பாதித்ததில்
ஒரு துளியை உள்ளே விடாது,
அதெல்லாம் பிறந்த பிறகு, பாலில்தான்.
சண்டைக்கு வந்தவனை விட்டுவிட்டது.

எழுபதாம் நாள் வாக்கில்
வயிற்றுக்குள் இருக்கிற உடம்பு
இது நான், இது நானில்லை என்று
வீட்டாளுகளை எண்ணிப் பெயரெழுதும்.
இவன் அதற்கு முன்பே வந்து
அடுப்படியில் சம்மணம் போட்டிருந்தான்.
ரேஷன் கார்டில் அவன் பெயரும் ஏறிவிட்டது.
அதனால்தான் காய்ச்சல் இல்லை.
வீட்டாளைப் பார்த்து எந்த உடம்பு கொதிக்கும்?

கூட்டருகே நின்று இதையே சொன்னேன்.
ஸ்டெல்லாபாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
"அப்பம் அதுக்கு அவன் அன்னியன் இல்ல."
இல்லை.
"நமக்குத்தான்."
ஆமாம், சாகிறவரை
எச்சிலில், மூத்திரத்தில், மூச்சில்
விட்டுக்கொண்டே இருக்கும்.
அடுத்த கூட்டுக்கும் போகும்,
தகரம் தாண்டிப் பசுவுக்கே திரும்பியும் போகும்.

பையில் ஊசி இருந்தது.
குழிக்குச் சுண்ணாம்பும் கொண்டுபோயிருந்தேன்.
அவள் குனிந்து வாளியைக் கழுவினாள்,
கழுவின வாளியை மறுபடியும் கழுவினாள்.
"முந்தாநேத்து வித்தாச்சு."

ஐப்பசி மழையில் பால்வெட்டு நின்று
மூணு வாரம். மரியதாசுக்குக் கூலியில்லை.
ஆயிரத்து இருநூறு.
களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து ஆள்,
பைக்கின் பின்னால், மீன்பெட்டியில்.
செக்போஸ்டில்?
"மீன்பெட்டிய ஆரு தொறப்பா?"
போன் நம்பர்?
இல்லை.
பேர்?
"கூட வந்தவன் றாபீன்னு விளிச்சான்."

அந்தப் பக்கம் எத்தனை றாபிகள்,
எத்தனை கூடுகள், சனையாக எத்தனை.
அறிக்கையில் 'குட்டி' என்ற இடத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
மறுபடி வைத்தேன். மை ஊறிப் பொட்டானது.

சாயா கொண்டுவந்தாள்.
பாலுக்குப் பசு அது ஒன்றுதான்.
இது மனுசருக்கு வராது, பயப்படாதீங்க என்று
முதல் நாளே சொன்னவள் நான்.
கிளாஸை வாங்கிக்கொண்டேன்.
காய்ச்சின பால், ஏலக்காய்கூடப் போட்டிருந்தாள்.

கழுவின வாளியை அவள் தரையில் வைத்தாள்.
அந்தச் சத்தத்துக்கு
தகரத்துக்கு அப்புறம்
தள்ளை எழுந்து நின்றது.